கூடத்துத் திரையும் கணினித் திரையும்

தமிழ்நாட்டு அரசு 2006-இல் தொடங்கி ஐந்தாண்டுகளுக்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. அடுத்து வந்த அரசு 2011 முதல் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வழங்கியது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்த வீடுகள் ஏராளம். ஆனால் அந்தக் காலத்துச் சிறிய குழாய்த் தொலைக்காட்சிக்கு இருந்த வாசல்கள் இரண்டு. ஒன்று ஆன்டெனா அல்லது கேபிள் வயர் நுழையும் துளை, மற்றொன்று மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் செருகும் ஏவி துளை. அந்தத் தலைமுறை மடிக்கணினியிலோ விஜிஏ, எச்டிஎம்ஐ துளைகளே இருந்தன. வெறும் வயரால் இரண்டையும் சேர்க்க வழியில்லை. மகள் படிக்கும் பாடத்தைத் தாயும் தந்தையும் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய இரண்டு கருவிகள் ஒரே வீட்டில் ஒன்றுக்கொன்று பேசாமலே கிடந்தன. இன்றைக்குத் துளை ஒன்றாகிவிட்டது. எச்டிஎம்ஐ வயரை இரு முனையிலும் செருகினால் படம் வந்துவிடுகிறது. ஆனாலும் விளிம்பு வெட்டுப்படுகிறது, எழுத்து மங்குகிறது, சுட்டி பின்தங்கி நகர்கிறது, ஒலி மடிக்கணினியிலேயே தங்கிவிடுகிறது. எந்த வயரை வாங்குவது என்று கேட்டுக் கடைக்குப் போவதே நம் வழக்கம். இந்தக் கேள்வியின் வரலாற்றைப் பார்த்தால் சிக்கலின் பெரும்பகுதி வயரில் இல்லை என்பது தெரியும். தொலைக்காட்சி எதைப் பெற்றாலும் அதை ஒளிபரப்பு என்றே எடுத்துக்கொண்டு திருத்துகிறது. கணினியோ ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் இடத்தில் எண்ணி வைக்கிறது. இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் இடையே உடன்பாடு செய்துவைப்பதுதான் இணைப்பது.

வீட்டுக் கணினி பிறந்ததே தொலைக்காட்சியை நம்பித்தான். 1982-இல் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமும் கொமொடோர் 64-உம் தமக்கென்று திரை இல்லாமல் விற்கப்பட்டன. இந்தியா வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஸ்பெக்ட்ரம் தன் படத்தை ஒரு சிறு நிலையத்தின் ஒளிபரப்பைப் போல மாற்றி ஆன்டெனா துளை வழியே அனுப்பும். பார்ப்பவர் தொலைக்காட்சியை 36-ஆம் சேனலுக்குத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கணினி தன்னை ஒளிபரப்பாக வேடம் மாற்றிக்கொண்டால்தான் உள்ளே விடப்பட்டது. அந்த வேடத்துக்கு விலை இருந்தது. நம் நாட்டிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருந்த பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், கண்ணுக்குத் தெரிபவை 576. அவையும் ஒருமுறை ஒற்றைக் கோடுகள், அடுத்த முறை இரட்டைக் கோடுகள் என்று மாறிமாறி வரையப்படும். வண்ணமும் வெளிச்சமும் ஒரே அலையில் நெருக்கியடித்து வருவதால் மெல்லிய எழுத்தின் ஓரங்களில் நிறம் கசியும். ஆகவே ஸ்பெக்ட்ரம் ஒரு வரிக்கு 32 எழுத்தோடும் கொமொடோர் 40 எழுத்தோடும் நின்றுகொண்டன. அலுவலகக் கணினிக்கு 80 எழுத்து வேண்டியிருந்தது. அதைத் தொலைக்காட்சியில் படிக்க முடியாது என்பதால்தான் கணினிக்கென்று தனித் திரை தேவைப்பட்டது. இந்த 40-க்கு நாம் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ அந்தப் பிரிவை முழுமையாக்கியது. பால் தொலைக்காட்சி நொடிக்கு 15,625 கோடுகள் வரையும், விஜிஏ ஏறத்தாழ 31,500 கோடுகள் வரையும். தொலைக்காட்சிக்கு நிறமெல்லாம் கலந்து ஒரே மஞ்சள் வயரில் வர வேண்டும், விஜிஏ சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியே அனுப்பும். வேகமும் வேறு, மொழியும் வேறு. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு முனையில் விஜிஏவும் மறுமுனையில் மூன்று ஏவி பின்களும் வைத்து விற்கப்படும் வெறும் வயர் ஏன் பெரும்பாலான கணினிகளில் வேலை செய்வதில்லை என்பது விளங்கும். ஒரு சில பழைய கிராஃபிக்ஸ் அட்டைகள் மட்டும் தொலைக்காட்சிக்கான அலையை அந்தத் துளையிலேயே அனுப்பக்கூடியவை. அந்த வயர் அவற்றுக்கானது. மற்றவர்களுக்கு அது செம்புக் கம்பி மட்டுமே. அதைக் கேட்டு வருபவரிடம் எந்தக் கணினி என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பது தவறு என்றே சொல்வேன். உண்மையில் தேவைப்படுவது படத்தை வாங்கி, கோடுகளைக் குறைத்து, வேகத்தை மாற்றி, நிறத்தைக் கலந்து திருப்பி அனுப்பும் ஒரு சிறு பெட்டி. அதற்குப் பெரும்பாலும் யுஎஸ்பி வழியே மின்சாரமும் வேண்டும். எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் பெட்டியும், ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. மேலே அச்சிட்டிருக்கும் திசையைப் படித்து வாங்க வேண்டும். சரியான பெட்டியை வாங்கினாலும் 1080 கோட்டுப் படம் 576 கோட்டுக்குள் அமுக்கப்படும். பழைய குழாய்த் தொலைக்காட்சியில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். பாடப்புத்தகப் பக்கத்தைப் படிக்க முடியாது.

2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ வந்தபோது இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். படமும் ஒலியும் எண்களாகவே ஒரே வயரில் போகின்றன. அதற்கும் முன்பே, 1994-இல், திரை தன்னைப் பற்றிக் கணினியிடம் சொல்லிக்கொள்ளும் ஈடிஐடி என்ற முறை வந்துவிட்டது. அடிப்படை அளவில் 128 பைட் மட்டுமே உள்ள அந்தச் சிறு குறிப்பில் திரையின் பெயரும் அது ஏற்கும் அளவுகளும் இருக்கும். கணினி அதைப் படித்து ஏற்ற படத்தை அனுப்பும். பேச்சு நடக்கிறது, ஆனால் பேச்சு முடிந்தபின்னும் தொலைக்காட்சி தன் பழைய பழக்கங்களை விடுவதில்லை. முதல் பழக்கம் ஓரத்தை வெட்டுவது. குழாய்த் தொலைக்காட்சியில் படத்தின் விளிம்பு நேராக நிற்காது, மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது படமும் சுருங்கி விரியும். அது தெரியாமலிருக்கப் படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாக வரைந்து ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்தார்கள். தட்டைத் திரையில் புள்ளிகள் அசையா இடத்தில் இருக்கின்றன, மறைக்க எதுவுமில்லை. ஆனாலும் பல தொலைக்காட்சிகள் இன்றும் படத்தைச் சில விழுக்காடு பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகின்றன. செய்தி பார்ப்பவருக்கு இழப்பில்லை. கணினியிலோ அந்த ஓரத்தில்தான் தொடக்கப் பொத்தானும் நேரமும் மூடும் குறியும் இருக்கின்றன. வெட்டியதோடு போகாமல், ஒரு புள்ளி ஒரு புள்ளியில் விழாமல் இரண்டுக்கும் நடுவே விழுவதால் எல்லா எழுத்தும் குழைகிறது. இதை நிறுத்தும் அமைப்பு பெரும்பாலான தொலைக்காட்சிகளில் உண்டு. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் திரைக்குப் பொருத்தும் ‘ஸ்கிரீன் ஃபிட்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்று ஆளுக்கொரு பெயர். ஒரே செயலுக்கு இத்தனை பெயர் வைத்ததே, தெரியாதவர் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம்.

இரண்டாவது பழக்கம் நிறத்தைச் சிக்கனமாக்குவது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டை மந்தமாகவும் பார்க்கிறது. வண்ணத் தொலைக்காட்சியை வடிவமைத்தவர்கள் அதைப் பயன்படுத்தி நிறத்துக்குக் குறைந்த இடமே ஒதுக்கினார்கள். இன்றைய காணொலிகளிலும் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறம் என்பதுதான் பெருவழக்கு. முகத்தையும் வயலையும் காட்டும்போது யாருக்கும் குறை தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்தால் எழுத்தின் உருவமே நிறத்தால்தான் ஆனது என்பதால் அது பிசிறடிக்கிறது. மூன்றாவது பழக்கம் கறுப்பு எது, வெள்ளை எது என்பதில் உள்ளது. தொலைக்காட்சி உலகம் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் குறிக்கும். கணினி 0 என்றும் 255 என்றும் குறிக்கும். ஒன்றின் கணக்கை மற்றது தவறாக வாசித்தால் படம் முழுதும் சாம்பல் பூசியதுபோல் ஆகும், அல்லது நிழலுக்குள் இருப்பதெல்லாம் கருமையில் புதைந்துபோகும். இவற்றோடு கூர்மையேற்றுதல், அசைவை மென்மையாக்குதல் என்று இன்னும் சில திருத்தங்கள் நடக்கின்றன. அவற்றுக்கு நேரம் பிடிப்பதால்தான் எலியை நகர்த்தியபின் சுட்டி தாமதித்து நகர்கிறது. பல தொலைக்காட்சிகளில் அந்த எச்டிஎம்ஐ வாசலின் பெயரையோ சின்னத்தையோ ‘பிசி’ என்று மாற்றினால் இந்தத் திருத்தங்களில் பெரும்பாலானவை ஒரேயடியாக நின்றுவிடும். சிலவற்றில் ‘கேம்’ முறை தாமதத்தைக் குறைக்கும். ஐந்து பைசா செலவில்லாத இந்த மாற்றம் எந்த விலையுயர்ந்த வயராலும் கிடைக்காத தெளிவைத் தரும். எதிரே வந்து நிற்பது கணினி என்று இணைத்தவுடனே தெரிந்துகொள்ளத் தொலைக்காட்சிக்கு வழி செய்து, இதைத் தானாக நடக்கவைப்பது உற்பத்தியாளர்களின் கடமை.

வயருக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அளவோடு உண்டு. நொடிக்கு 60 படம் வீதம் 1080 கோட்டுப் படத்தை அனுப்ப ஏறத்தாழ 4.5 ஜிகாபிட் போதும். அதே வேகத்தில் 4கே படத்துக்கு ஏறத்தாழ 18 ஜிகாபிட் வேண்டும். முதலாவதுக்கு இரண்டு மீட்டரில் எந்த ஒழுங்கான வயரும் போதும். இரண்டாவதுக்கு ‘பிரீமியம் ஹைஸ்பீடு’ சான்று உள்ளதை வாங்குவது நல்லது. எண்ணாகப் போகும் படம் வந்து சேரும், அல்லது மினுக்கியும் அறுந்தும் தன் குறையைக் காட்டிக்கொடுக்கும். பொன்முலாம் பூசிய முனை நிறத்தை ஆழமாக்கும் என்பதற்கு அந்த முறையில் இடமேயில்லை. பழைய மடிக்கணினியைப் புதிய 4கே தொலைக்காட்சியில் இணைத்தவர்கள் சுட்டி தத்தித் தத்தி நகர்வதைக் கண்டு வயரை மாற்றுகிறார்கள். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 வகை 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 முறை அனுப்பும் திறன் 2013-இல் வந்த 2.0 வகையிலிருந்தே உண்டு. அந்த மடிக்கணினியில் 4கேயைக் கைவிட்டு 1080-க்கு இறங்குவதே சரி. 4கே என்பது 1080-இன் நீளத்திலும் அகலத்திலும் சரியாக இரு மடங்கு என்பதால் ஒரு புள்ளி நான்காக விரியும், பெரிய இழப்பில்லை. ஒலியும் இப்படித்தான். விஜிஏ ஒலியைச் சுமக்காது, எச்டிஎம்ஐ சுமக்கும். ஆனால் எந்த ஒலிபெருக்கிக்கு அனுப்புவது என்பதைக் கணினியின் ஒலி அமைப்பில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தொலைக்காட்சியில் கேபிள் வயரும் செருகியிருந்து, மடிக்கணினி மூன்று பின் சார்ஜரில் இருந்தால், இரண்டு எர்த்களுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டால் ‘கும்’ என்ற இரைச்சல் வரலாம். கேபிள் வயரைக் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இரைச்சலை நிறுத்துவதற்காகச் சார்ஜரின் எர்த் பின்னை ஒடிப்பவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள், அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

வயரும் அமைப்பும் சரியாக இருந்தும் திரை கறுத்துப்போகும் ஓர் இடம் உண்டு. காசு கட்டிப் பார்க்கும் படங்களை நகலெடுக்காமல் தடுக்க எச்டிசிபி என்ற பூட்டு எச்டிஎம்ஐக்குள் இருக்கிறது. நடுவில் வைத்த பிரிப்பானோ விஜிஏ மாற்றியோ பழைய புரொஜெக்டரோ அந்தப் பூட்டின் மொழியை அறியாவிட்டால் படம் மறுக்கப்படும். அந்தப் பூட்டின் தலைமைச் சாவி 2010-இலேயே இணையத்தில் வெளியாகி, அது உண்மைதான் என்று இன்டெல் நிறுவனமும் ஒப்புக்கொண்டது. பூட்டு நேர்மையாகச் சந்தா கட்டியவரின் கூடத்தில் மட்டும் தொங்குகிறது.

இனி இரண்டு பெரிய மறுப்புகள். ஸ்மார்ட் டிவி வந்தபின் கணினி எதற்கு என்பது ஒன்று. படம் பார்க்க மட்டும் என்றால் அது சரியான கேள்வி. ஆனால் ஸ்மார்ட் தொலைக்காட்சி அதை ஆக்கியவர் அனுமதித்த செயலிகளை மட்டுமே ஓட்டும். சில ஆண்டுகளில் அதற்கான புதுப்பிப்பு நின்றுவிடும், திரை நல்ல நிலையில் இருக்கும்போதே மூளை கிழடாகிவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள நூல்களையும், 1998 முதல் மதுரைத் திட்டம் தட்டெழுதிச் சேர்த்துவரும் இலக்கியங்களையும், ஈழத்து நூல்களைப் பாதுகாக்கும் நூலகம் தளத்தின் பக்கங்களையும் குடும்பமாக உட்கார்ந்து படிக்க, தேட, குறிப்பெடுக்க விரும்புபவருக்கு விசைப்பலகை உள்ள கணினியே உதவும். பத்தாண்டுப் பழைய மடிக்கணினிகூட இதற்குப் போதும். இரண்டாவது மறுப்பு, வயரில்லா முறைகள் இருக்கின்றனவே என்பது. அவற்றில் இரு வகை உண்டு. 2013-இல் வந்த குரோம்காஸ்டில் கைப்பேசி ஒரு முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், படத்தை அந்தக் கருவியே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆகவே தெளிவு கெடாது. 2012-இல் வந்த மிராகாஸ்ட் போன்றவை கணினித் திரையையே நொடிக்கு நொடி படம்பிடித்து, சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுபக்கம் விரிக்கின்றன. சுருக்கும்போது எழுத்தின் கூர் போகிறது, விரிப்பதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கடந்துவிடுகிறது. அதாவது கணினி மறுபடியும் ஒளிபரப்பு வேடம் போடுகிறது. பார்ப்பதற்கு அது போதும், எழுதுவதற்கும் படிப்பதற்கும் போதாது.

தொலைக்காட்சி தலையிடுவதை நிறுத்தியபின்னும் ஒன்று மிஞ்சுகிறது, தொலைவு. மேசையில் 22 அங்குலக் கணினித் திரையை நாம் 60 சென்டிமீட்டரில் பார்க்கிறோம். எட்டுப் புள்ளி உயரமுள்ள எழுத்து அதில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும். அதே எழுத்து 32 அங்குல 1080 தொலைக்காட்சியில் 3 மில்லிமீட்டர் ஆகும். ஆனால் பார்ப்பவர் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதால் கண்ணுக்கு அது மேசையில் தெரிந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆங்கில எழுத்தையே அந்த அளவில் முட்டி மோதித்தான் படிக்க முடியும். தமிழுக்கு அது இன்னும் கடுமை. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு ஒரு சுழி, மெய்க்கும் உயிர்மெய்க்கும் வேறுபாடு தலைமேல் ஒரு புள்ளி. புள்ளி கலங்கினால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். கடைகளில் 32 அங்குலத்தில் பெருவாரியாக விற்கும் ‘எச்டி ரெடி’ தொலைக்காட்சிகளில் 1366-க்கு 768 புள்ளிகளே உள்ளன. 1080 படத்தையும் ஏற்பேன் என்று கணினியிடம் சொல்லி வாங்கிக்கொண்டு, உள்ளே சுருக்கிக் காட்டும்போது முதலில் கலங்குவது மெய்யெழுத்தின் இந்தப் புள்ளிதான். அங்கே கணினியின் அளவை அதையொட்டிய 1360-க்கு 768 என்று வைத்துப் பார்க்க வேண்டும். மேசைத் தெளிவு கூடத்திலும் வேண்டுமென்றால் 32 அங்குலத்தில் எழுத்தை மூன்று மடங்குக்கும் சற்று மேலாகவும், 43 அங்குலத்தில் ஏறத்தாழ இரண்டரை மடங்காகவும் பெரிதாக்க வேண்டும். விண்டோஸின் திரை அமைப்பில் 100% என்று இருப்பதை 300% ஆக்குவது முதலில் அபத்தமாகத் தோன்றும். 1920-ஐ மூன்றால் வகுத்தால் 640. ஒரு வரியில் நாற்பதுக்கு மேல் தமிழ் எழுத்து அதில் அடங்குவது கடினம். 1982-இன் கணினிகள் தொலைக்காட்சியின் குறையால் நின்ற அந்த 40, நாற்காலியிலிருந்து படிப்பவரின் கண்ணுக்கு ஏற்ற அளவாகவும் இருந்திருக்கிறது. தொழில்நுட்பம் வளர்ந்ததால் தொலைவு குறைந்துவிடவில்லை.

ஒருவர் மட்டும் உட்கார்ந்து மணிக்கணக்கில் எழுத வேண்டுமென்றால் கணினித் திரை ஒன்று வாங்குவதே மேல், அதில் எனக்கு ஐயமில்லை. கூடத்துத் திரையின் பயன் பலர் சேர்ந்து பார்ப்பதில் இருக்கிறது. அதனால்தான் புரொஜெக்டருக்கும் இதே வாதம் இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது. புரொஜெக்டர் ஒளிபரப்பு வேடம் கேட்பதில்லை, அது பிறப்பிலேயே கணினியின் துணை. அதன் பொய் விளம்பரத்தில் இருக்கிறது. ‘4கே சப்போர்ட்’ என்று அட்டையில் போட்ட மலிவான கருவிகளில் பல 4கே படத்தை வாங்கிக்கொள்ளும், சுவரில் காட்டுவது 1280-க்கு 720 புள்ளிகளோ அதற்கும் குறைவோ. ஏற்கும் அளவு வேறு, காட்டும் அளவு வேறு. ‘நேட்டிவ்’ என்ற சொல்லுக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். வெளிச்சத்திலும் ‘ஆன்சி லூமன்’ என்று குறித்த எண்ணையே நம்பலாம். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, வெளிச்சம் விழாத சுவர்தான் அதன் கறுப்பு. ஜன்னல் திறந்த வகுப்பறையில் அந்தச் சுவரே சாம்பலாக இருக்கும்போது, இருண்ட பின்னணியில் வெளிர் எழுத்து வைத்த பாடம் கரைந்துபோகிறது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வைத்தால் தப்பிக்கும். கருவியைச் சாய்த்து வைத்துவிட்டுக் ‘கீஸ்டோன்’ பொத்தானால் படத்தை நேராக்கினால், நேராக்கும் அளவுக்குப் புள்ளிகளை இழக்கிறோம். மேசையை நகர்த்தி, கால்களுக்கு அடியில் அட்டை வைத்து, சுவருக்கு நேரே நிறுத்துவது நல்லது. இவ்வளவும் செய்தபின் பாடத்தைத் தொடங்கும் முன் சரிபார்க்க ஒரு சொல் போதும். பாடத்தில் பயன்படுத்தப்போகும் அதே எழுத்தளவில் ‘கண்ணன்’ என்று தட்டெழுதி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி தெரிகிறது, எந்த எழுத்துக்கு மூன்று சுழி என்று கேட்க வேண்டும். இரண்டு புள்ளிகளையும் அந்தப் பிள்ளை சொல்லும்வரை எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம்.